கூத்துக்கு அணி செய்வோர்

தமிழ்க் கூத்தின் வரலாற்றை ஆராயப் புகுந்த அறிஞர் பெருமக்கள் பெரும்பாலும் மூன்றினைத் தேடினர். கூத்துநூல் யாது, அதனை இயற்றியவர் யார், ஆடியவர் யாவர் என்பன அவை. ஆடியவன் தலையில் விளங்கிய முடி எந்த மரத்தால் ஆயது, அதனைச் செதுக்கியவர் எவர், ஆண்டின் எந்தத் திங்களில் செதுக்கினார் என்னும் வினா எழுந்தது அரிது. சிறு வினா என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் கோல சிலாங்கூர் வட்டாரத்திலும் வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் தமிழர் வாழ்ந்த வரலாற்றை நோக்குவார்க்கு, அவ்வரலாற்றிலுள்ள பெரும் புதிர் ஒன்றுக்கு இச்சிறு வினாவே விடை காட்டுகின்றது.

புதிர் இதுதான். மலாயாத் தோட்டங்களுக்குத் தொழிலாளராக வந்தோருள் வட ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டத்தார் மிகுதி. வட ஆர்க்காடோ கூத்துக்குப் பெயர்போன நிலம். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை, ராஜா மூசா, சுங்கை திங்கி, புக்கிட் தாகார் எனத் தோட்டந்தோறும் தமிழர் லயங்கள் எழுந்தன. வந்தவர் மாரியம்மனைக் கொண்டுவந்தனர். காவடியையும் உடுக்கையையும் கொண்டுவந்தனர். பாரதக் கதையை நெஞ்சிற் சுமந்து வந்தனர். இவ்வளவும் வந்த நிலத்தில், தொண்டை மண்டலத்தில் காண்பதுபோலத் தலைமுறை தலைமுறையாகக் கூத்தையே தொழிலாகக் கொண்ட குழுக்களின் மரபு மட்டும் வேரூன்றவில்லை. ஏன்?

கள்ளுக்கடையும் திரைப்படமும் கூத்தைக் கொன்றன என்பது பலரும் கூறும் விடை. அது முற்றும் பொய்யன்று. ஆயினும் தமிழ்நாட்டில் கள்ளும் இருந்தது, திரைப்படமும் இருந்தது. அங்கே புரிசையிலும் காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் கூத்து மடியவில்லை. ஆதலின் விடையை வேறிடத்தில் தேடுதல் வேண்டும்.

தேடத் தொடங்குவதற்குரிய இடம் தமிழாசிரியர் அனைவரும் அறிந்த சிலப்பதிகாரமே. அரங்கேற்று காதையைப் பாடஞ்சொல்லும்போது அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் ஒரு கோல் என்பதை மாணாக்கர் மனங்கொள்ளச் செய்கிறோம். மூவகை எழினியையும் விரித்துரைக்கிறோம். ஆனால் இந்திரவிழவூரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை இளங்கோ வரிசையிட்டுக் காட்டும் இடத்தை, அருஞ்சொற்பொருள் எழுதிக்கொள்ளும் இடமாகவே கடந்துவிடுவது வழக்கம். அவ்வரிசையில் துன்னகாரர் உளர். துணியாலும் நெட்டியாலும் பலவகை வேலைப்பாடு செய்யும் கைவினைஞரும் உளர். மாதவி அணிந்த அணிகலன்களை ஒவ்வொன்றாகப் பாடிய அதே புலவர், அணி செய்யும் கைகளையும் நகரின் உறுப்பாகக் கருதி இடம் கொடுத்தார். பின்வந்த நாடக ஆராய்ச்சிதான் அக்கைகளை மறந்தது. (நெட்டி வேலை இறந்துபட்ட தொழிலன்று; தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டிற்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது.)

இனித் தொண்டை மண்டலக் கூத்திற்கு வருவோம். அதனைக் கட்டைக்கூத்து என வழங்குவதற்குக் காரணமே அதன் அணிகள். அரசரும் வீரருமாகிய துரியோதனன், கர்ணன், அருச்சுனன் போன்றோர்க்குரியது கட்டை வேடம். தலையில் உயர்ந்த முடி, தோள்களில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம், செவிகளின் பக்கத்தே விரிந்த அணி ஆகிய இவையனைத்தும் மரத்தாலானவை. அதற்குரிய மரம் முருக்கு. கல்யாண முருங்கை என்று ஊர்மக்கள் சொல்வது அதனையே. இரும்பு போன்ற வன்மையுடைய மரங்களை விடுத்து இதனைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம், உலர்ந்தபின் இது மிகவும் இலேசாகிவிடும் என்பதே. விடிய விடியப் பாடியும் சுழன்றும் ஆடுபவன் தலையில் கனத்தை ஏற்றினால் முதற்சாமத்திலேயே குரல் தளர்ந்துவிடும். நாட்டிய சாத்திரம் ஆகாரியம் என்னும் பகுதியில், அணிகள் கனமாயிருத்தல் கூடாது, அரக்கும் அப்பிரகமும் போன்ற மெல்லிய பொருள்களால் அமைதல் வேண்டும் என்று விதித்தது. அதன் பொருளை அந்நூலைக் கண்ணாலும் பாராத ஊர்க்கூத்தர் தம் தோளாலேயே கற்றிருந்தனர்.

மரத்தை வெட்டிய நாளிலே செதுக்க இயலாது, உலர வேண்டும். உலர்ந்ததைத் துண்டுகளாக அறுத்துச் செதுக்கி இணைத்து, மேலே வண்ணம் பூசிச் சரிகைத்தாளும் கண்ணாடிச் சில்லுகளும் பதிப்பர். இக்கண்ணாடியை வெறும் பகட்டு என்று நகரத்தார் நகைப்பதுண்டு. கூத்து தோன்றிய காலத்தில் வெளிச்சம் என்பது பந்தத்தின் ஒளியே என்பதனை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆடுபவன் சுழலும்தோறும் நூறு சில்லுகளும் அவ்வொளியை வாங்கி எறியும்; களத்தின் கடைசி வரிசையில் அரைத்தூக்கத்தில் இருக்கும் கிழவிக்கும் அரசன் வந்தமை தெரியும். திரைக்குப் பின்னே நின்று பாடித் தன்னை அறிவித்துக்கொண்டு, திரை நீங்கியதும் வெளிப்படும் வேடத்தின் முதற்றோற்றம் கூத்தின் உச்சங்களுள் ஒன்று. அந்தத் தோற்றத்தைப் பாட்டு பாதி ஆக்குகிறது. மரம் பாதி ஆக்குகிறது.

இவ்வணிகளைச் செய்தவர் யார்? பல குழுக்களில் ஆடுபவரே செய்தனர். இரவில் கர்ணனாக நிற்பவன் கையில் பகலில் உளியிருக்கும். செய்பவனும் அணிபவனும் ஒருவனாய் இருந்தமையாலேயே இத்தொழில் தனித்தொழிலாக எண்ணப்படவில்லை போலும். ஹன்னே டி புரூயின் அம்மையார் கட்டைக்கூத்தைப் பற்றி 1999இல் வெளியிட்ட நூல் போன்ற அண்மைக்கால ஆராய்ச்சிகளே கூத்தரின் தொழில்வாழ்வை முழுமையாக நோக்கின. காஞ்சிபுரத்தில் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் தோன்றியதும், கூத்தரைத் தொழிலாளராகவும் கலைஞராகவும் ஒருங்கே காணும் அந்நோக்கின் பயனே.

எச்செயலுக்கும் காலம் உண்டு என்பது உழவர் அறிந்த உண்மை. தொண்டை மண்டலத்தில் சம்பா அறுவடை தையிலும் மாசியிலும் முடியும். பங்குனி முதல் ஆடி வரை திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா. அதுவே கூத்தின் பெரும்பருவம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. திறந்தவெளிக் கூத்துக்கு அப்பொழுது இடமில்லை. அந்த ஓய்விலேதான் உடைந்த முடி ஒட்டப்படும், மங்கிய சரிகைத்தாள் மாற்றப்படும், புதுமுடி செதுக்கப்படும். ஆகவே கூத்தின் ஆண்டு ஆடும் பருவம், அணி செய்யும் பருவம் என இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இவ்விரண்டும் நெற்பயிரின் காலத்தோடு பின்னியவை. அறுவடை முடிந்த வீட்டில் தானியமும் இருக்கும், ஓய்வும் இருக்கும். கூத்தர்க்கு ஊர் கொடுக்கும் நெல்லும் பணமும் அங்கிருந்தே வந்தன.

ஈழத்தின் கிழக்குக் கரையிலும் நிலை இதுவே. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தின் அரசர் அணிவது கரப்புடுப்பு. கூடைபோல் விரிந்து நிற்கும் அவ்வுடுப்பும் அதற்கேற்ற முடியும் கூத்தனின் உருவத்தையே மாற்றிவிடும். அங்கு ஆடுவோர் தொழிற்கூத்தர் அல்லர், உழவர். வேளாண்மை ஓய்ந்த காலத்தில் அண்ணாவியாரிடம் பல திங்கள் பயின்று, சதங்கை அணிவிழா கண்டு, பின்னரே அரங்கேறுவர். இம்மண்ணிற் பிறந்த பேரறிஞர் விபுலானந்த அடிகள். அவர் 1926இல் இயற்றிய மதங்க சூளாமணி, ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் தசரூபகத்தையும் தமிழுலகிற்குக் காட்டிய அரிய நூல். அதன் பெருமை குறையாது. ஆயினும் காரைதீவில் பிறந்த ஒருவரின் நாடக நூலில் எலிசபெத்துக் காலம் பெற்ற இடத்தில் நூறிலொரு பங்கேனும் கரப்புடுப்புக் கட்டிய கைகளுக்கு வாய்த்திருக்குமாயின், பின்வந்த ஆராய்ச்சியின் போக்கே வேறாகியிருக்கும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கூத்தைக் கொண்டுவந்த பிறகே, அவர்தம் மாணவர் சி. மௌனகுரு போன்றோரால் மட்டக்களப்புக் கூத்தின் உடையும் முடியும் ஆராய்ச்சிக்குரிய பொருளாயின.

இப்பொழுது கோல சிலாங்கூர்த் தோட்டத்தை நோக்குக. கித்தா மரத்திற்கு அறுவடைக் காலம் என்று ஒன்று இல்லை. இருள் பிரியுமுன் பெரட்டு, பின் மரம் வெட்டு, முற்பகலில் பால் எடுப்பு, எடை. நாளும் இதுவே. வேலைக்குச் சென்ற நாளுக்கே கூலி. ஆண்டில் ஒரு முறை, ஏறத்தாழ மாசி பங்குனியை ஒட்டி, மரங்கள் இலையுதிர்க்கும். அப்பொழுது பால் வற்றும், வெட்டு குறையும். மேலோட்டமாகப் பார்ப்பார்க்கு இதுவும் ஓய்வுக் காலமாகவே தோன்றும். தொண்டை மண்டலத்துப் பங்குனி ஓய்வுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது: அங்கே குதிரில் நெல் நிறைந்திருக்கையில் ஓய்வு வந்தது, இங்கே பையில் காசு குறைந்திருக்கையில் ஓய்வு வந்தது. முதலாவது ஓய்வு கூத்தரை வரவழைக்கும். இரண்டாவது, மளிகைக் கடைக் கணக்கை வளர்க்கும். 1930ஐ ஒட்டிய பெருமந்தத்தில் கூலி குறைக்கப்பட்டதும், வேலையிழந்தோர் ஆயிரக்கணக்கில் தாயகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டதும் இந்நிலையை மேலும் வறிதாக்கின. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்திற்குத் தடை விதித்தது. புதிய கைகள் வரும் வழியும் அடைபட்டது. அதன்பின் வந்தது போரும் சயாம் மரண இரயில் பாதையும்.

இவ்விடத்தில் தடை ஒன்று எழும். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்திலும் ஆண்டு முழுதும் கொழுந்து, அங்கும் பெரட்டு, அங்கும் நாட்கூலி. அங்கே காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் வாழ்ந்தனவே எனலாம். வாழ்ந்தன, உண்மை. ஆனால் எவை வாழ்ந்தன என்பதனை நோக்க வேண்டும். மாசித் திங்களில் காமன் பொட்டலில் நிகழும் காமன் கூத்துக்கு வேண்டும் அணி, பெரிதும் அட்டையும் மூங்கிலும் வண்ணத்தாளும் சரிகைத் துணியும் கொண்டு லயத்து வாசலில் சில இரவுகளில் முடிக்கக் கூடியது. மரம் உலரக் காத்திருக்க வேண்டியதில்லை, குழுவுக்கு ஆண்டு முழுதும் சோறிட வேண்டியதில்லை, ஊராரே ஆடுவர். தாயகமும் ஒருநாட் பயணத் தொலைவில் இருந்தது. எனவே மலையகச் சான்று மேற்கூறிய கருத்தை மறுக்கவில்லை, அதனைத் திருத்தமாக்குகின்றது. தோட்டத்து நாட்கூலி வாழ்வு தாள்முடிக்கு இடம் கொடுத்தது. கட்டை முடிக்கு இடம் கொடுக்கவில்லை.

மலாயாவில் பிற இனத்தார் தத்தம் இசைக்கூத்திற்கு உடை தேடிய வழிகள் இதனை மேலும் விளக்கும். சீனர் கோயில் முன்றில்களில், சிறப்பாக அவர்தம் ஏழாம் திங்களில் ஆடப்படும் இசைக்கூத்தின் பூவேலை உடைகள் குவாங்சோ, சுசோ போன்ற நகரங்களின் தையற்கூடங்களில் உருவானவை. அவற்றை வகைவகையாகப் பெட்டிகளில் இட்டுக் காப்பதற்கென்றே ஆள் உண்டு. வேடத்திற்கு மாறான உடையை அணிவதிலும் கிழிந்த உடையை அணிவதே நன்று என்பது அவர்தம் அரங்கில் வழங்கும் முதுமொழி. மலாய்க்காரரின் பங்சாவானோ, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பினாங்கில் ஆடிய பார்சி நாடகத்திலிருந்து கிளைத்தது. கலைந்துபோன பார்சிக் குழுவின் அரங்கப் பொருள்களை விலைக்கு வாங்கியே மாமாக் புஷி 1885இல் தம் குழுவைத் தொடங்கினார் என்பர். ஆங்கிலேயர் இதனை மலாய் ஆப்பெரா என்றே அழைத்தனர். தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் வந்த நாடகக் குழுக்களும் தத்தம் வெல்வெட் உடைகளைப் பெட்டியோடு கொண்டுவந்து பெட்டியோடு கொண்டுசென்றவையே. சீனர்க்கு வாணிகம் இருந்தது. பங்சாவானுக்கு நுழைவுச்சீட்டுப் பணம் இருந்தது. கட்டைக்கூத்திற்கு இருந்தது பருவம் ஒன்றே. அது நாகப்பட்டினத்தில் கப்பலேறவில்லை.

பருவத்தொழிலாக உடை செய்தல் பின்தங்கிய மக்களின் வழக்கம் என்று எவரும் கருதிவிடக் கூடாது. அமெரிக்காவில் சாந்தா ஃபே நகரின் இசைநாடக அரங்கு 1957இல் தொடங்கியது. கோடையின் இரு திங்களே அதன் நிகழ்ச்சிக் காலம். அதற்கு முந்திய திங்களில் துணி வெட்டுவோர், தைப்போர், தொப்பியும் பொய்ம்முடியும் செய்வோர் எனப் பலர் பருவ ஊழியராக அமர்த்தப்பெற்று, பணி முடிந்ததும் வேற்றூர் செல்வர். பாடுவோர் பட்டியலோடு உடைப்பணி செய்தோர் பட்டியலும் நிகழ்ச்சி ஏட்டில் அச்சாகும். தொழில் ஒன்றுதான், ஏட்டில் ஏறியதும் ஏறாததுமே வேற்றுமை.

நிற்க. தோட்டத் தமிழரின் கைவினை முற்றும் அவிந்துவிட்டதா எனின், இல்லை. அது வேறிடம் சென்றது. பத்துமலையில் 1892 முதல் நிகழும் தைப்பூசமும் தோட்டந்தோறும் நிகழ்ந்த அம்மன் விழாவும் காவடியை வளர்த்தன. வளைவுகளை அமைத்தல், மயிற்பீலி கட்டுதல், வண்ணத்தாள் ஒட்டுதல், தோள் தாங்குமாறு கனத்தைப் பகிர்தல் ஆகியவை கூத்து முடி செய்தவன் அறிந்த நுட்பங்களே. காவடிக்குப் பயன் தரும் பருவமும் உண்டு, நேர்த்திக்கடன் என்னும் நிலைத்த ஆதரவும் உண்டு. ஆதலால் அது செழித்து, மலேசியாவுக்கே உரிய தோற்றத்தையும் பெற்றது. மலேசியத் தமிழரின் அரங்கக் கலையை ஆராய்வோர் நாடகக் கையெழுத்துப் படிகளை மட்டும் தேடிச் சலிப்பதை விடுத்துக் காவடி கட்டுவோரையும் சென்று காண்பராயின், எதிர்பாராத செல்வம் கிட்டும்.

பள்ளி மேடையின் நிலை வருந்தத்தக்கது. ஆண்டு விழாவில் கர்ணன் வருகிறான், செங்குட்டுவன் வருகிறான், கட்டபொம்மன் வருகிறான். மூவர் தலையிலும் வாடகைக்கு எடுத்த ஒரே பளபளப்பு முடி. 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படமும் 1964இல் வந்த ‘கர்ணன்’ திரைப்படமும் தமிழ் அரசனின் தோற்றத்தை மக்கள் மனத்தில் உறையச் செய்துவிட்டன. அத்திரைப்படங்கள் தம் அளவில் சிறந்தவை. அவற்றின் உடை படப்பிடிப்பு ஒளிக்கும் அண்மைக் காட்சிக்கும் அமைந்தது. பள்ளித் திடலின் ஒற்றை விளக்குக்கு அமைந்ததன்று. வசனத்தின் ஒவ்வொரு லகர ழகரத்தையும் பலநாள் திருத்தும் ஆசிரியர், முடியைப் பற்றி விழாவுக்கு முதல்நாள் மாலை தொலைபேசியில் ஒரு சொல் கேட்பதோடு அமைகிறார். கைவேலைப் பாடத்தில் காகிதப் பூ செய்யும் மாணாக்கனும் நாடகத்தில் நடிக்கும் மாணாக்கனும் ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்திருந்தும் இவ்விரு பாடங்களும் ஒன்றையொன்று அறியா.

பழைய தோட்டங்களின் உருவமும் மாறிவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தெனாமாரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே நட்டதே இந்நாட்டின் முதல் வாணிக எண்ணெய்ப்பனைப் பயிர். பின்னர் அது கித்தாவின் இடத்தைப் பற்றிக்கொண்டது. லயங்கள் பல வெறுமையாயின. மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். அங்கே மாத ஊதியமும் வாரவிடுமுறையும் உண்டு. பாட்டன் அறியாத வகை ஓய்வு பேரனுக்கு வாய்த்திருக்கிறது.

மரத்திற்கும் குறைவில்லை. முருக்கு தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை தொட்டுப் பசிபிக் தீவுகள் வரை கடலோர மண்ணில் தானே வளர்வது. மலாய்க்காரர் அதனை டெடாப் என்பர். செந்நிறப் பூவும் தண்டில் முள்ளும் மூவிலையும் கொண்ட அம்மரத்தின் கட்டை, வட ஆர்க்காட்டில் துரியோதனன் முடிக்கு உளி ஏற்ற அதே கட்டையே.